சீட்டுக்கட்டும் நினைவுக் கலையும் : சில வரலாற்றுக் குறிப்புகள்



சில திங்களுக்கு முன் எங்கள் பள்ளியில் ஒரு சீட்டுக்கட்டைப் பறிமுதல் செய்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையின் பின்புறம் அமர்ந்து, நான்கைந்து பேர் சூழ்ந்திருக்க, சீட்டுகளை விரித்துக்கொண்டிருந்தான். சீட்டு என்றாலே சூது என்று எண்ணும் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். என்ன ஏது என்று கேளாமலே கட்டைப் பிடுங்கினேன். ஆசிரியர் அறைக்குச் செல்லும் வழியில், நச்சுப் பாம்பின் பல்லைப் பிடுங்குவது போல, அதனை நான்கைந்து முறை நன்றாகக் கலைத்தும் விட்டேன்.

மறுநாள் தந்தையார் வந்தார். போர்ட் கிள்ளானில் சரக்குந்து ஓட்டுபவர். என்னைவிட அவருக்கே சினம் மிகுதி. தோட்டப்புறத்தில் தம் தந்தை சம்பள நாள்தோறும் சீட்டில் அமர்ந்ததையும், தாயின் தாலிச்சங்கிலி வரை அதில் போனதையும் சொல்லிவிட்டு, "கட்டைக் கொளுத்திப் போடுங்க ஐயா" என்றார். திருவள்ளுவர் 94-ஆம் அதிகாரம் முழுவதையும் சூதுக்கென ஒதுக்கியதன் பொருளை இத்தகைய குடும்பத்தாரிடம் விளக்க வேண்டியதில்லை. மாணவன் தலைகுனிந்து நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்: "இது விளையாடுற சீட்டு இல்லைங்க ஐயா. மேஜிக் சீட்டு. வரிசையா வச்சிருந்தேன்."

அவ்வரிசையைத்தான் நான் கலைத்துவிட்டிருந்தேன். கட்டை அவன் கையில் கொடுத்தேன். மேசைமேல் 52 சீட்டுகளையும் பரப்பி, எந்தத் தாளையும் பாராமல், ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினான். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பின்னர்க் கட்டை என்னிடம் நீட்டி, "எந்த எண் வேணும்னாலும் கேளுங்க ஐயா" என்றான். 17 என்றேன். டைமன் 9 என்றான். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆட்டின் ராணி எங்கே என்றேன். 41 என்றான். அதுவும் சரி. தந்தையாரும் இரண்டு எண் கேட்டார். இரண்டுக்கும் தவறில்லை.

என்னைத் திகைக்கவைத்தது வேறொன்று. இதே மாணவன் ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழேழுக்கு அப்பால் செல்லமாட்டான். திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி என்றால் வயிற்றுவலி வந்துவிடும். வாய்ப்பாட்டை வைத்திருக்க முடியாத நினைவில் 52 சீட்டுகள் எவ்வாறு நின்றன? அதுமுதல் பல வாரங்கள் இதனைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

விதியும் நினைவும்

கலைக்கப்பட்ட சீட்டுக்கட்டு எத்தனை வரிசைகளில் அமையலாம் என்று கணக்கிட்டால், 8 எழுதி அதன் பின் 67 சுழியங்கள் இட்ட அளவுக்குக் கிட்டத்தட்ட வரும். அத்தனை வரிசைகளுள் ஒன்றை மட்டும் தனதாக்கிக்கொண்டு, எந்த எண்ணில் எந்தச் சீட்டு, எந்தச் சீட்டு எந்த எண்ணில் என இருவழியும் அறிந்து வைத்திருப்பதே இவ்வித்தையின் உயிர்நாடி.

இது நேற்று முளைத்த வித்தையன்று. 1593-ஆம் ஆண்டு வெனிசு நகரில் ஒராசியோ கலாசோ என்பவர் சிறு நூலொன்றை வெளியிட்டார். விதியாலும் நினைவாலும் ஆடும் மிக அழகிய சீட்டு விளையாட்டுகள் என்பது அதன் தலைப்பின் பொருள். விதி, நினைவு என்னும் அவ்விரு சொற்களுக்குள் இக்கலையின் பின்வந்த நானூறு ஆண்டு வரலாறும் அடங்கிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் விதி. கலாசோ காட்டிய சுழல் அடுக்கு முறையையே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சை ஸ்டெபின்சு என்னும் மேடைப் பெயர் கொண்ட அமெரிக்கக் கலைஞர் பரப்பினார். இன்று அவர் பெயராலேயே அது வழங்குகிறது. கிளாவர், ஆட்டின், இஸ்பேட், டைமன் என நான்கு இனங்களும் மாறி மாறி வரவேண்டும். ஒவ்வொரு சீட்டும் தனக்கு முன்னுள்ளதைவிட மூன்று கூடுதலாக இருக்கவேண்டும். ஜேக் 11, ராணி 12, ராஜா 13. பதின்மூன்றைத் தாண்டினால் பதின்மூன்றைக் கழித்துக்கொள்ளலாம். எனவே கிளாவர் ஏஸ், ஆட்டின் 4, இஸ்பேட் 7, டைமன் 10, கிளாவர் ராஜா, ஆட்டின் 3 என அடுக்கு நீளும். மூன்றுக்கும் பதின்மூன்றுக்கும் பொதுக்காரணி இல்லாமையால் பதின்மூன்று மதிப்புகளும் ஒருமுறை வந்து தீர்ந்த பிறகே முதல் மதிப்பு மீளும். கட்டை எங்கே பிரித்து மாற்றி வைத்தாலும் சுழற்சி கெடாது.

இதில் மனனம் செய்யவேண்டியது ஏதுமில்லை. கணக்குப் போட்டாலே போதும். 23-ஆவது சீட்டு எது? அதற்கு முன் 22 சீட்டுகள். 22-ஐ மூன்றால் பெருக்கினால் 66. ஒன்றைக் கூட்ட 67. பதின்மூன்றால் வகுக்க மீதி 2. இனத்தை அறிய 22-ஐ நான்கால் வகுக்க, அங்கும் மீதி 2. கிளாவரிலிருந்து இரண்டு தள்ளினால் இஸ்பேட். ஆகவே இஸ்பேட் 2. ஆறாம் ஆண்டுக்கு மீதி வகுத்தலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒருமுறை இதனை முயன்று பாருங்கள். ஒரு பக்கப் பயிற்சிக் கணக்கு தராத சுறுசுறுப்பு வகுப்பில் எழும்.

எனினும் இம்முறைக்குக் குறை ஒன்று உண்டு. கட்டை விரித்துக் காட்டினால் கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று நிறங்கள் மாறி மாறித் தெரியும். கூர்ந்து நோக்குபவர் ஐயுறுவார். அதனால் விதியே இல்லாத வரிசையை, கலைந்தது போலவே தோன்றும் வரிசையை, நினைவில் இருத்தும் முறை வளர்ந்தது. 1927-இல் இங்கிலாந்தின் லூயி நிக்கோலா தம் அடுக்கை நூலாக்கினார். சிக்காகோ நகர வழக்கறிஞர் சைமன் ஆரன்சன் 1979-இலும், மாட்ரிட் நகரின் ஹுவான் தமாரிசு 2000-ஆம் ஆண்டிலும் தத்தம் அடுக்குகளை விரிவாக எழுதினர். அம்மாணவன் கற்றது இவ்வகை அடுக்கு. யூடியூப் காணொளிகளைப் பார்த்தே கற்றிருந்தான்.

எவ்வாறு நினைவில் வைத்தாய் என்று கேட்டபோது அவன் தந்த விடை எனக்குப் பாடமாக அமைந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு படம், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு படம். இரண்டையும் மோதவிட்டு ஒரு கோமாளித்தனமான காட்சி. 41 அவனுக்கு ஓர் ஏணி. ஆட்டின் ராணி அவனுடைய பாட்டி. பாட்டி ஏணியில் ஏறி மாங்காய் பறிக்கிறார். "மறக்கவே மாட்டேங்குது ஐயா" என்றான். பாட்டி ஏணியில் ஏறினால் யாருக்குத்தான் மறக்கும்?

எழுத்துக்குள் ஒளிந்த எண்

நிக்கோலாவின் முறை இதனினும் நுட்பமானது. 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் சில மெய்யெழுத்துகளை வகுத்து, எண்களைச் சொற்களாக மாற்றுவது. ஐரோப்பாவில் இவ்வகை முறைகள் 17-ஆம் நூற்றாண்டு தொட்டுக் காணப்படுகின்றன. நம்மவர்க்கோ இது பழைய செய்தி. கடபயாதி என்னும் பெயரில் தென்னிந்தியக் கணியர்கள் இதனைப் பன்னூறு ஆண்டுகள் முன்பே கையாண்டனர். கேரளத்தின் அரிதத்தர் கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் தம் வானியல் நூலில் இதனைப் பயன்படுத்தியுள்ளார்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருப்போர் இதனைக் கண்டறிய வானியல் வரை செல்லவேண்டியதில்லை. 1981-இல் சுவாமி சாந்தானந்த சரசுவதி தோற்றுவித்த நுண்கலைக் கோயில் அங்குதான் உள்ளது. அங்கோ வேறெங்கோ கருநாடக இசை பயிலும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் 72 மேளகர்த்தா இராகங்களை அறிந்திருப்பார்கள். அவ்விராகப் பெயரின் முதலிரண்டு எழுத்துகளில் அதன் எண் ஒளிந்துள்ளது. ம என்றால் 5, ய என்றால் 1. மாயாமாளவகௌளையின் மா, யா இரண்டும் 5, 1 எனத் தரும். திருப்பிப் படித்தால் 15. அது 15-ஆம் மேளம். கல்யாணிக்கு முன் 'மேச' என்றும், சங்கராபரணத்துக்கு முன் 'தீர' என்றும் ஒட்டியிருப்பது அழகுக்காகவன்று. அவற்றின் எண்களான 65, 29 ஆகியன வெளிப்படவேண்டும் என்பதற்காகவே அவை சேர்க்கப்பட்டன. தமிழ் எழுத்தில் க ஒன்றே நான்கு ஒலிகளுக்கும் நிற்பதால் இம்முறை நம் நெடுங்கணக்கில் அப்படியே ஓடாது. வடமொழி ஒலிகளை அறிந்தே கணக்கிட வேண்டும். தீர என்பதிலுள்ள தகரம் 9 ஆவது அதனாலேயே.

பெயரைக் கேட்டால் எண், எண்ணைக் கேட்டால் பெயர். எண்ணிலிருந்து அந்த இராகத்தின் சுரங்களையும் விதிப்படி கணிக்கலாம். 29-உடன் 36-ஐக் கூட்டினால் 65. சங்கராபரணத்தின் மத்திமத்தை மட்டும் மாற்றினால் கல்யாணி. கலாசோ சொன்ன விதியும் நினைவும் ஒன்றாக இணைந்த 72 சீட்டுக் கட்டு இது என்பேன். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் இத்திட்டத்தை வகுத்த வேங்கடமகி இவ்வுவமையைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

இதைவிட வியப்பூட்டும் நிகழ்ச்சி புதுச்சேரியில் நடந்தது. ஆங்கிலேயரின் பணியில் இருந்த ஜான் வாரன் என்பவர் தென்னிந்தியக் காலக்கணக்கு முறைகளை ஆராய்ந்து, 1825-இல் சென்னையில் காலசங்கலிதம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அதற்கான தேடலில் அவர் தமிழ்ப் பஞ்சாங்கக் கணியர் ஒருவரைச் சந்தித்தார். அக்கணியர் தரையில் சோழிகளைப் பரப்பி வைத்தார். ஏட்டையும் பார்க்கவில்லை, எழுதியும் பார்க்கவில்லை. வேண்டிய அட்டவணைகள் யாவும் சொற்களாகவும் அசைகளாகவும் அவர் நினைவில் இருந்தன. சோழிகளை நகர்த்தி நகர்த்தி, 1825-ஆம் ஆண்டு மே 31, சூன் 1 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். அறிவியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கெபாவர் 1952-இல் இக்கணக்கைத் தமிழ் வானியல் என்னும் கட்டுரையில் மீண்டும் ஆராய்ந்தார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தாளும் எழுதுகோலும் இன்றிப் போட்ட கணக்கு என்பதை நினைவிற் கொள்க. அக்கணியர் ஏந்தி வந்தது பாபிலோனியக் கணித மரபோடு உறவுடைய பழைய முறை என்பது நாய்கெபாவரின் கருத்து.

சோழிகளை நகர்த்திய அந்தக் கையையும் சீட்டுகளைப் பொறுக்கிய அம்மாணவனின் கையையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் என்று இன்றும் வழங்குவது அம்மரபினதே. திங்களின் இயக்கத்தை 248 நாள்களுக்கு 248 சிறு வாக்கியங்களாக்கி மனனம் செய்தனர். முதல் வாக்கியத்தில் இரண்டே சொற்கள்; அவற்றைக் கடபயாதியால் அவிழ்த்தால் 12 பாகை 3 கலை என வரும். நம் நாட்டில் சில விழாக்கள் வாக்கியப்படி ஒரு நாளும் திருக்கணிதப்படி மறுநாளும் வந்து பள்ளி விடுமுறைக் கடிதங்களைக் குழப்புவது தனிக்கதை.

அவதானியர்

நினைவு வித்தையைப் பொதுமேடைக்குக் கொணர்ந்தோர் அவதானியர். அவதானத்தைத் தமிழில் கவனகம் என்கிறோம். எட்டுச் செயல்களை ஒருங்கே கவனிப்பவர் அட்டாவதானி, பத்தெனில் தசாவதானி, நூறெனில் சதாவதானி. முதுகில் விழும் கற்களை எண்ணவேண்டும்; மணியோசையை எண்ணவேண்டும்; சதுரங்கமும் சொக்கட்டானும் ஆடவேண்டும்; கேட்ட ஈற்றடிக்கு வெண்பா இயற்றவேண்டும்; இடையில் ஒருவர் பெரிய பெருக்கல் கணக்கைக் கொடுப்பார். எதுவும் எழுதப்படுவதில்லை.

இவற்றுள் தெலுங்கு அவதானத்தில் வரும் வியஸ்தாக்ஷரி என்னும் உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொடரின் எழுத்துகளைக் கலைத்து, ஏழாம் எழுத்து இது, மூன்றாம் எழுத்து இது என்று இடையிடையே ஒவ்வொன்றாக அவதானியிடம் அறிவிப்பார்கள். இறுதியில் அவர் அனைத்தையும் உரிய இடத்தில் வைத்துத் தொடரை ஒப்புவிக்கவேண்டும். இட எண்ணும் பொருளும் இணைந்து நிற்கும் நினைவு என்னும் வகையில், இதற்கும் 41-ஆம் இடத்து ஆட்டின் ராணிக்கும் எவ்வேறுபாடும் இல்லை.

தமிழில் சதாவதானம் செய்தோருள் இருவரை இங்குக் குறிப்பிடவேண்டும். யாழ்ப்பாணத்து மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை ஒருவர். சென்னையில் திரு.வி.க.வுக்கு ஆசிரியராய் அமைந்தவர். மற்றவர் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர். இவர் 1907-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு கவனகங்களை நிகழ்த்திக் காட்டினார். 1950-இல் மறைந்த அவருக்கு இந்திய அஞ்சல்துறை 2008-இல் அஞ்சல்தலை வெளியிட்டது. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்னும் பெரும்போரில் இவ்விருவரும் எதிரெதிர் அணியில் நின்றனர். சைவரான கதிரைவேற்பிள்ளை மருட்பா என்றார். இசுலாமியரான பாவலர் வள்ளலாருக்காக மேடையேறினார். அந்நாளில் இருந்திருந்தால் அவதானத்தைவிட அவ்விவாதத்தையே முதலில் கேட்கச் சென்றிருப்பேன்.

நம் காலத்தில் திருக்குறள் இராமையா அவர்களும் அவர்தம் மகனார் திருக்குறள் கனகசுப்புரத்தினம் அவர்களும் கவனகத்தைத் திருக்குறளோடு பிணைத்தனர். எண்ணைச் சொன்னால் குறள். குறளைச் சொன்னால் எண். 1330 சீட்டுகள் கொண்ட கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்! வள்ளுவர் நூலின் அமைப்பே இதற்குத் துணை செய்கிறது. அதிகாரத்துக்குப் பத்து என்னும் ஒழுங்கு மாறாமையால், அதிகார எண்ணில் ஒன்றைக் கழித்துப் பத்தால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அதன் முதற்குறளின் எண் வந்துவிடும். கல்வி 40-ஆம் அதிகாரம். அதன் முதற்குறள் 391. விதி பாதி வழி நடத்துகிறது. மீதிப் பத்தே நினைவின் வேலை. இதனை ஒப்புவித்தல் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் நாம் சொல்லித் தருகிறோமா? நான் சொல்லித் தந்ததில்லை. முதற்குறளிலிருந்து வரிசையாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதே என் வழக்கமாயிருந்தது.

இவ்விடத்தில் பழைய திண்ணைப் பள்ளியைப் பற்றி ஒரு சொல். மனப்பாடம் என்றாலே கிளிப்பிள்ளைப் பாடம் என்று இகழ்வது கல்வியாளரிடையே வழக்கமாகிவிட்டது. ஆய்வாளர் து. செந்தில்பாபு எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் முதலிய சுவடிகளைக் கொண்டு திண்ணைப் பள்ளியின் கணக்குக் கல்வியை ஆராய்ந்துள்ளார். அங்கே நினைவு என்பது புரிதலுக்கு மாற்றாக நிற்கவில்லை, அதுவே கற்கும் முறையாக இருந்தது என்பதை அவர் ஆய்வு காட்டுகிறது. நெல்லை அளக்கவும் நிலத்தைக் கணிக்கவும் வேண்டிய அளவைகள் மாணவன் நாவில் நின்றன. வெளியே சென்றதும் அவை அவனுக்குப் பயன்பட்டன. நாம் அந்தப் பயனையும் உத்தியையும் கைவிட்டோம். பிரம்பை மட்டும் நெடுநாள் வைத்திருந்தோம்.

குறியிட்ட சீட்டு

மீண்டும் பறிமுதலான கட்டுக்கு வருவோம். அன்று தந்தையார் சற்றே தணிந்திருந்த வேளையில் மாணவன் மற்றொன்றையும் ஒப்புக்கொண்டான். சீட்டுகளின் முதுகில் அடையாளம் இருந்தது. கொடிகளும் பூக்களும் பின்னிய கோலத்தில் ஓர் இதழ் ஒரு சீட்டில் நிறைந்திருக்கும், மற்றொன்றில் வெறுமையாய் இருக்கும். இதழைப் படித்தால் சீட்டைத் திருப்பாமலே பெயர் சொல்லலாம். தந்தையாரின் முகம் மறுபடியும் மாறியது. "அப்போ இது ஏமாத்து வேலைதானே?" என்றார்.

அக்கேள்வி நேர்மையானது. குறியிட்ட சீட்டு பிறந்தது சூதாடிகளின் கையில்தான். 19-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரெஞ்சு மாயவித்தைக் கலைஞர் ரொபேர்-ஊதேன் 1861-இல் ஒரு நூல் முழுவதையும் சூதாடிகளின் மோசடிகளை வெளிப்படுத்துவதற்கே எழுதினார். குறியிட்ட சீட்டுகளும் அதில் அடங்கும். ஒரே கருவி, ஒருவன் பிறர் பணத்தைப் பறிக்கப் பயன்படுத்துகிறான். மற்றவன், உங்களை வியக்கவைக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பயன்படுத்துகிறான். பணம் இடையில் வந்தால் மோசடி. இவ்வேறுபாட்டை மாணவனுக்குத் தெளிவாகச் சொன்னேன். இக்கட்டைக் கொண்டு யாரோடும் எதற்காகவும் ஆடக்கூடாது, ஐந்து காசுக்குக்கூட ஆடக்கூடாது என்று தந்தையார் முன்னிலையிலேயே உறுதி வாங்கினேன்.

நினைவடுக்கும் குறியும் ஒரு கட்டில் ஏன் சேரவேண்டும் என்பதே எனக்குப் புதிராக இருந்தது. குறியைப் படிக்கத் தெரிந்தால் மனனம் எதற்கு? மாணவன் செய்து காட்டினான். நான் கவிழ்த்த கட்டின் நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதன் முதுகை அவன் பார்க்கவில்லை. நான் உருவிய இடத்தில் கட்டைப் பிரித்து, கீழ்ப்பாதியின் மேலிருந்த சீட்டின் முதுகை ஒரு கணம் நோக்கினான். அது அவன் அடுக்கில் 24-ஆம் சீட்டு. ஆகவே என் பையில் இருப்பது 23-ஆம் சீட்டு. குறி அவனுக்கு ஒரே ஒரு செய்தியைத் தந்தது. மற்றதை நினைவு தந்தது. குறி மட்டும் இருந்திருந்தால் பையிலுள்ளதை அறிய வழியில்லை. நினைவு மட்டும் இருந்திருந்தால் ஏதேனும் ஒரு சீட்டின் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாகவேண்டும்.

வீட்டில் தனியே பயிலும்போது அதே குறி வேறொரு வேலையும் செய்ததாம். அடுத்த சீட்டின் பெயரைச் சொல்லிவிட்டு, முதுகைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வானாம். பயிற்சி நூலின் பின்பக்க விடைகள் போல. தொடக்கத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் பார்த்தானாம். இரண்டு மாதம் கழித்துப் பார்ப்பதே இல்லையாம். விடையை முதலில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காணும் எனக்கு இது மகிழ்ச்சி தந்தது.

சீட்டின் பெயர்களைப் பற்றியும் ஓர் இடைக்குறிப்பு. பாபர் 1527-இல் சிந்துப் பகுதி ஆட்சியாளருக்குக் கஞ்சீபா சீட்டுகளை அனுப்பியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். நாம் இன்று ஆடும் 52 சீட்டுகளோ ஐரோப்பியர் வழி வந்தவை. கிளாவர் என்பது ஆங்கிலமன்று, ஒல்லாந்தரின் சொல். இலங்கைத் தமிழர் ஆடும் முந்நூற்று நான்கு என்னும் ஆட்டத்தில் ஆடுதன், கலாவரை என்றெல்லாம் இனங்களுக்குப் பெயருண்டு. அவையும் ஒல்லாந்தச் சொற்களின் திரிபே. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாய்ப் பணியாற்ற மலாயா வந்து, பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் குடியேறி, ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலை எழுப்பிய இலங்கைத் தமிழரோடு அச்சொற்களும் கப்பலேறி வந்தன. தோட்டப்புறத்தில் குடியைக் கெடுத்த அதே 52 சீட்டுகள் பிரிக்பீல்ட்ஸ் வீடுகளில் ஓய்வுநேர ஆட்டமாகவும் இருந்தன. தந்தையாரிடம் இதனைச் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. அவர் ஒப்பவேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை.

சீட்டுகளை நினைவில் நிறுத்துவது இன்று உலகப் போட்டியாகவே நடைபெறுகிறது. 1980-களில் கிரைட்டன் கார்வெல்லோ என்னும் ஆங்கிலேயர் கலைந்த சீட்டுக்கட்டு ஒன்றை மூன்று நிமிடத்துக்குள் மனனம் செய்தார். தொலைக்காட்சியில் அவரைக் கண்ட டோமினிக் ஓபிரையன் தாமும் முயன்று, 1991-இல் இலண்டனில் நடந்த முதல் உலக நினைவாற்றல் போட்டியில் வாகை சூடினார். 2003-ஆம் ஆண்டின் உலகப் போட்டி நம் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. இங்கிலாந்தின் ஆண்டி பெல் வென்றார். ஆங்கில–சீன அகராதியொன்றின் 1,774 பக்கங்களை மனனம் செய்து புகழ்பெற்ற யிப் சுவீ சூய் நம் நாட்டவர். 2025-இல் இத்துறையின் மற்றோர் உலகப் போட்டியில் புதுச்சேரிக் கல்லூரி மாணவர் விஷ்வா ராஜகுமார் முதலிடம் பெற்றார். சோழிக் கணியரின் ஊர்க்காரர்! இது தற்செயல்தான். ஆயினும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

கட்டை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்னும் விதி விதியே. வீட்டில் வைத்துக்கொள்ளத் தந்தையாரின் ஒப்புதலோடு திருப்பிக் கொடுத்தேன். அதற்கு மாற்றாக அவனிடம் ஒன்று கேட்டேன். ஓர் அதிகாரத்தின் பத்துக் குறள்களை அவன் முறைப்படியே, எண்ணோடும் படத்தோடும், அமைத்துக்கொண்டு வரவேண்டும். எந்த அதிகாரம் என்பதை அவன் தந்தையே தெரிவு செய்யட்டும் என்றேன்.

தந்தையார் தெரிவு செய்தது 94. மூன்று வாரம் கழித்து இருவரும் ஒரு சனிக்கிழமை வந்தனர். நான் 935 கேட்டேன், சொன்னான். தந்தையார் 931 கேட்டார், சொன்னான். குறளின் இறுதிச் சொல்லைச் சொல்லி எண்ணைக் கேட்டேன். சற்று யோசித்து 938 என்றான், சரியாக இருந்தது. 937-இல் மட்டும் நடுவில் நின்றுவிட்டான். அதற்கு வைத்த படம் கலைந்துவிட்டதாம். எடுத்துக்கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன்; எனக்கும் வரவில்லை. மேசையிலிருந்த நூலைப் புரட்டி, மூவருமாகப் பார்த்தோம்.